நழுவத் தெரிந்த தண்டு: ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் காரின் ஸ்டியரிங் கதை



அடுத்த முறை பார்க்கிங்குக்கு இறங்கிப் போகும்போது ஒரு சின்ன வேலை செய்யுங்கள். காரில் உட்கார்ந்து, வண்டியை ஸ்டார்ட் செய்யாமல், ஸ்டியரிங் வீலுக்குக் கீழே ஒரு நிமிஷம் பாருங்கள். இண்டிகேட்டர், வைப்பர் கைப்பிடிகள் நீட்டிக்கொண்டிருக்கும் கறுப்பு பிளாஸ்டிக் மூடி தெரியும். அந்த மூடிக்குள் ஒரு தண்டு இருக்கிறது. நீங்கள் வீலைத் திருப்பினால் அந்தத் திருப்பத்தை முன்சக்கரங்களுக்குக் கொண்டுபோவது அதுதான். மெக்கானிக்குகள் ஸ்டியரிங் காலம், ஷாஃப்ட், ராடு என்று பல பெயர்களில் சொல்வார்கள். இந்தக் கட்டுரையில் ஸ்டியரிங் தண்டு என்றே வைத்துக்கொள்வோம்.

அந்தத் தண்டின் ஒரு முனை நம் மார்புக்கு நேராக இருக்கிறது. கார் பிறந்த நாளிலிருந்து பல பத்தாண்டுகள் அது ஒரு ஈட்டியாகவே இருந்தது. ஈட்டியாக இருந்தது எப்படி மாறியது, அந்த மாற்றத்தைப் புரிந்துகொள்ளாமல் பழுது பார்த்தால் என்ன ஆகும் என்பதுதான் இந்த இதழின் வரலாற்றுப் பக்கம். எடுத்துக்கொண்ட உதாரணம் ஒரு பழைய ஆங்கிலேய ஸ்போர்ட்ஸ் கார். பெயர் டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர். இங்கிலாந்துக் காருக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். சம்பந்தம் இருக்கிறது.

பெருங்களத்தூர் பக்கம் பிறந்த உறவுக்காரர்

நம் குடியிருப்பில் அறுபதைத் தாண்டியவர்களுக்கு ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் நிச்சயம் நினைவிருக்கும். மூக்கோடு சேர்த்து முன்பக்கம் முழுவதுமே பானெட்டாகத் திறக்கும் கார். சென்னையின் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம் 1960களில் அதைத் தயாரித்தது. பெருங்களத்தூர், வண்டலூர் பக்கம் இருந்த அந்தத் தொழிற்சாலையின் இடத்தில் இன்று கணினி நிறுவனங்களும் நம்முடையது போன்ற அடுக்குமாடிகளும் நிற்கின்றன.

என் பெரியப்பாவிடம் ஒரு ஹெரால்டு இருந்தது. எங்கள் தெரு குறுகலானது. மற்ற கார்க்காரர்கள் மூன்று முறை முன்னும் பின்னும் போய்த் திருப்பும் இடத்தில் அவர் ஒரே வீச்சில் திருப்பிவிட்டு, வாசலில் நிற்கும் எங்களைப் பார்த்துச் சிரிப்பார். அது அவர் திறமை என்றே நாங்கள் நெடுநாள் நம்பினோம். பிறகுதான் தெரிந்தது, அந்தக் காரின் திருப்பு வட்டம் வெறும் 25 அடி. பாதிப் பெருமை ஸ்டியரிங்குக்குச் சேர வேண்டியது.

ஹெரால்டின் தாய்வீடு இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரம். 1959 ஏப்ரலில் லண்டன் ராயல் ஆல்பர்ட் அரங்கில் அதை அறிமுகம் செய்தார்கள். அந்தக் காலத்தில் பெரும்பாலான கார் நிறுவனங்கள் அடிச்சட்டம், கூடு இரண்டையும் ஒன்றாக்கிய அமைப்புக்கு மாறிக்கொண்டிருந்தன. ஸ்டாண்டர்டு நிறுவனத்துக்கு அது வாய்க்கவில்லை. அதற்குக் கூடு செய்துகொடுத்த கம்பெனியைப் போட்டி நிறுவனம் வாங்கிவிட்டது. வேறு வழியில்லாமல் தனிச் சட்டம் செய்து, அதன்மேல் கூட்டைத் துண்டு துண்டாக போல்ட் போட்டுப் பூட்டினார்கள். அந்தக் குறையே பிறகு வரமானது. துண்டுகளாகப் பெட்டியில் அனுப்பி வெளிநாட்டில் பூட்டுவதற்கு இந்த அமைப்பு மிகவும் வசதி. நம் ஊருக்கு ஹெரால்டு வந்தது அந்த வழியில்தான்.

அந்தச் சட்டத்தையே குட்டையாக்கி, இரண்டு பேர் உட்காரும் திறந்த ஸ்போர்ட்ஸ் காராக இத்தாலிய வடிவமைப்பாளர் ஜியோவானி மிக்கெலோட்டி வரைந்ததுதான் ஸ்பிட்ஃபயர். ஹெரால்டுக்கு உருவம் கொடுத்தவரும் அவரே. நிறுவனத்தில் பணமில்லாததால் மாதிரிக் கார் தொழிற்சாலை மூலையில் துணி போர்த்திக் கிடந்தது. லேலண்டு நிறுவனம் ஸ்டாண்டர்டு டிரையம்ஃபை வாங்கியபோது புது நிர்வாகிகள் கண்ணில் அது பட்டு, உயிர் பெற்றது. 1962 அக்டோபரில் அறிமுகம். உற்பத்தி 1980 ஆகஸ்ட் வரை நடந்தது. மொத்தம் 3 லட்சத்துக்கும் மேற்பட்ட கார்கள். ஹெரால்டின் ஸ்டியரிங் ஏற்பாட்டைத்தான் ஸ்பிட்ஃபயரும் எடுத்துக்கொண்டது.

முதலில் ஈட்டி

கொஞ்சம் பின்னால் போவோம். ஆரம்பகாலக் கார்களில் வட்டமான ஸ்டியரிங் வீல் கிடையாது. படகின் சுக்கான்போல ஒரு கைப்பிடிதான். 1894இல் பாரீஸ் நகரிலிருந்து ரூவான் வரை நடந்த ஓட்டத்தில் ஆல்ஃபிரட் வாஷெரோன் என்பவர் தன் பனார் காரில் வட்ட வீல் பொருத்தி ஓட்டினார். 1898இல் அது சாய்ந்த தண்டோடு வந்தது. நேராக நிற்கும் தண்டைவிடச் சாய்ந்த தண்டு கைக்கு வசதி. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். தண்டு சாயச் சாய, அதன் நுனி ஓட்டுபவரின் மார்பைப் பார்க்கத் தொடங்கியது.

தண்டின் கீழ்முனை காரின் முன்பகுதியில் இருக்கும் ஸ்டியரிங் பெட்டியில் போய் முடியும். முன்னால் எதிலாவது மோதினால் முன்பகுதி நசுங்கிப் பின்னால் வரும். பெட்டியும் பின்னால் வரும். தண்டு ஒரே இரும்பாக இருந்தால் அதுவும் அப்படியே பின்னால் வரும். அதே நொடியில் ஓட்டுபவர் முன்னால் வீசப்படுவார். இருவரும் நடுவழியில் சந்திப்பார்கள். சீட் பெல்ட் இல்லாத காலம் அது. கார் உருக்குலையாத சாதாரண மோதலில்கூட ஓட்டுநர் மட்டும் இறந்துகிடந்ததற்கு இந்தத் தண்டு ஒரு முக்கியக் காரணம்.

ஒரு தலைமுறைப் பொறியாளர்களுக்குத் தண்டு என்றால் உறுதியாக இருக்க வேண்டும் என்பதுதான் பாடம். ஓட்டும்போது தண்டு ஒடிந்தால் கார் கட்டுப்பாட்டை இழக்கும் அல்லவா? அந்தப் பயம் நியாயமானது. அதனால் இன்னும் தடிமனாக, இன்னும் உறுதியாகச் செய்தார்கள். ஈட்டி இன்னும் நல்ல ஈட்டியானது.

ஒரு கிளாம்ப்

ஹெரால்டில் தண்டை ஒரே துண்டாகச் செய்யவில்லை. மேல் துண்டு ஒன்று, கீழ்த் துண்டு ஒன்று. ஒன்றுக்குள் ஒன்று செருகிக்கொள்ளும், மடக்குக் குடையின் கம்பிபோல. இரண்டையும் இறுக்கிப் பிடிப்பது ஒரு கிளாம்ப். இரண்டு போல்ட், நடுவில் ஒரு அலன் ஸ்குரூ, அதற்கு ஒரு லாக் நட். அவ்வளவுதான்.

இதனால் இரண்டு பலன். கிளாம்பைத் தளர்த்தினால் வீலைச் சில அங்குலம் முன்னும் பின்னும் நகர்த்தி, ஓட்டுபவரின் உயரத்துக்கு ஏற்ப வைத்துக்கொள்ளலாம். இரண்டாவது பலன்தான் பெரிது. ஹெரால்டிலும் ஸ்பிட்ஃபயரிலும் ஸ்டியரிங் ரேக் முன்பக்கம், ரேடியேட்டருக்கு அருகிலேயே இருக்கிறது. மோதலில் அது சீக்கிரமே பின்னால் தள்ளப்படும். அப்போது கீழ்த் துண்டு கிளாம்பின் பிடியை மீறி மேல் துண்டுக்குள் நழுவிவிடும். தண்டு குட்டையாகும். மார்புக்கு வரவேண்டிய நீளம் தனக்குள்ளேயே போய்விடும். வொர்க்ஷாப் கையேட்டில் அந்தக் கிளாம்பின் பெயரே இம்பாக்ட் கிளாம்ப், அதாவது மோதல் கிளாம்ப்.

அன்றாடம் ஓட்டும்போது விடாமல் பிடிக்க வேண்டும். ஒரே ஒரு நாள் மட்டும் விட்டுவிட வேண்டும். அந்தச் சின்ன இரும்புத் துண்டுக்கு இட்ட வேலை அது.

சட்டம் வந்தது

அமெரிக்காவில் 1965இல் ரால்ஃப் நேடர் என்ற வழக்கறிஞர் எழுதிய 'அன்சேஃப் அட் எனி ஸ்பீடு' என்ற புத்தகம் கார் நிறுவனங்களை உலுக்கியது. கார் எதிலோ மோதுவது முதல் மோதல், காருக்குள் இருப்பவர் காரின் உட்பாகங்களில் மோதுவது இரண்டாவது மோதல், உயிரைப் பறிப்பது இரண்டாவதுதான் என்ற கருத்தை அது பொதுமக்களிடம் கொண்டுசென்றது. ஸ்டியரிங் தண்டுதான் அதில் முக்கியக் குற்றவாளிகளில் ஒன்று. 1966 செப்டம்பரில் அதிபர் லிண்டன் ஜான்சன் வாகனப் பாதுகாப்புச் சட்டத்தில் கையெழுத்திட்டார்.

அந்தச் சட்டத்தின் கீழ் வந்த விதிகளில் 203, 204 என்ற இரண்டு எண்கள் முழுக்க முழுக்க ஸ்டியரிங்குக்காக எழுதப்பட்டவை. 1968 ஜனவரி 1 முதல் நடைமுறை. மணிக்கு 48 கிலோமீட்டர் வேகத்தில் கார் சுவரில் மோதினால் தண்டு 5 அங்குலத்துக்கு மேல் பின்னால் வரக் கூடாது என்றது ஒன்று. மனித மார்பு அளவுள்ள ஒரு பொம்மை உடல் மணிக்கு 24 கிலோமீட்டர் வேகத்தில் வீலில் மோதினால், அதன்மேல் விழும் விசை 2,500 பவுண்டைத் தாண்டக் கூடாது என்றது இன்னொன்று.

ஜெனரல் மோட்டார்ஸ் 1967 மாடல்களிலேயே இதற்கான தண்டைக் கொண்டுவந்தது. வெளிக்குழாயில் வலைபோல ஓட்டைகள். மோதினால் காகித விளக்குக் கூண்டுபோல மடங்கும். உள்ளே பிளாஸ்டிக் ஊசிகள். மோதலில் அவை அறுந்து தண்டை நழுவவிடும். எம்.ஜி.பி. போன்ற ஆங்கிலேய ஸ்போர்ட்ஸ் கார்களுக்கும் அமெரிக்காதான் பெரிய சந்தை. ஆகவே 1968 மாடலிலிருந்து அமெரிக்காவுக்குப் போன எம்.ஜி.பி.யிலும் மடங்கும் தண்டு வந்தது.

ஹெரால்டின் எளிய கிளாம்ப் இந்த விதிகளுக்கு ஏறக்குறைய 9 ஆண்டுகள் மூத்தது. பிற்காலத் தண்டுகள் மோதலின் வேகத்தைக் கணக்குப்போட்டு உறிஞ்சும். கிளாம்புக்கு அந்தத் திறமை கிடையாது. ஆனாலும் யோசனை அதுவேதான். தண்டு சரியான நேரத்தில் தோற்றுப்போக வேண்டும். 1981இல் அமெரிக்க அரசின் சாலைப் பாதுகாப்பு அமைப்பு கணக்கெடுத்துப் பார்த்தபோது, இந்த விதிகளால் ஆண்டுக்குச் சுமார் 1,300 உயிர்கள் காப்பாற்றப்படுவதாக மதிப்பிட்டது.

பழுது பார்ப்பது எப்படி

இன்றும் உலகம் முழுவதும் ஆயிரக்கணக்கானோர் ஸ்பிட்ஃபயரை வைத்துப் பராமரிக்கிறார்கள். ஹெரால்டு, ஸ்பிட்ஃபயர் உரிமையாளர்களுக்காக 1977இலேயே இங்கிலாந்தில் ஒரு சங்கம் தொடங்கிவிட்டார்கள். அவர்கள் காரில் ஸ்டியரிங் தண்டு கெடுவது பெரும்பாலும் மூன்று இடங்களில்.

முதலாவது, வெளிக்குழாய்க்குள் தண்டைத் தாங்கும் புஷ்கள். மேலே ஒன்று, கீழே ஒன்று. ஐம்பது வருஷத்தில் தேய்ந்துபோகும். வீலைப் பிடித்து மேலும் கீழும் அசைத்தால் கடகடவென்று ஆடும். புது புஷ் விலை அதிகமில்லை. ஆனால் தண்டு முழுவதையும் கழற்றாமல் மாற்ற முடியாது.

இரண்டாவது, தண்டின் கீழ்முனைக்கும் ரேக்கின் பினியனுக்கும் நடுவில் இருக்கும் ரப்பர் இணைப்பு. சாலை அதிர்ச்சி கைக்கு வராமல் தடுப்பது அதன் வேலை. எஞ்சின் எண்ணெய் பட்டுப்பட்டு ரப்பர் ஊறி, வெடிக்கும். அப்போது வீலைத் திருப்பியபின் சற்றுத் தாமதித்தே சக்கரம் திரும்புவதுபோல் இருக்கும். இங்கே ஒரு வேடிக்கை. ஹாரன் அடிக்கும்போது மின்சாரம் இந்தத் தண்டு வழியாகத்தான் எர்த் ஆகிறது. ரப்பர் மின்சாரத்தைக் கடத்தாது. அதனால் ரப்பரைத் தாண்டி ஒரு சின்ன எர்த் ஒயர் போட்டிருப்பார்கள். ரப்பரை மாற்றுகிறவர் அந்த ஒயரை மறந்தால் ஸ்டியரிங் அருமையாக இருக்கும், ஹாரன் மட்டும் ஊமையாகிவிடும். ஸ்டியரிங் வேலை பார்த்ததற்கும் ஹாரன் போனதற்கும் என்ன தொடர்பு என்று பலரும் தலையைச் சொறிந்திருக்கிறார்கள்.

மூன்றாவது, நம் கதாநாயகனான அந்தக் கிளாம்ப். போல்ட் துருவேறியிருக்கும், அலன் ஸ்குரூவின் வாய் தேய்ந்திருக்கும், பிடி தளர்ந்திருக்கும். அப்போது வீல் கையோடு முன்னும் பின்னும் நகரும்.

கழற்றும் முறை அனுபவசாலிகளுக்கு மனப்பாடம். பேட்டரி ஒயரைக் கழற்ற வேண்டும். சக்கரங்களை நேராக வைத்து, வீலும் தண்டும் சேருமிடத்தில் அடையாளம் போட வேண்டும். நடு நட்டைத் தளர்த்த வேண்டும், ஆனால் முழுவதும் கழற்றிவிடக் கூடாது. ஏனென்றால் இறுகிக் கிடக்கும் வீல் திடீரென்று விடுபட்டால் நேராக முகத்துக்கு வரும். சில மரை மிச்சமிருந்தால் நட்டு அதைத் தடுத்துவிடும். வீல் வராவிட்டால் புல்லர் போட்டுத்தான் இழுக்க வேண்டும். சுத்தியல் கூடாது.

திரும்பப் பூட்டும்போது பினியனைப் பிடிக்கும் போல்ட், பினியனில் வெட்டியிருக்கும் பள்ளத்துக்குள் சரியாக உட்கார வேண்டும். அப்படி உட்கார்ந்தால் போல்ட் கொஞ்சம் தளர்ந்தாலும் இணைப்பு கழன்று வராது. கிளாம்பைக் கையேடு சொல்லும் அளவுக்கு டார்க் ரெஞ்சால் இறுக்க வேண்டும். கடைசியில் முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, பாதுகாப்பாக முட்டுக் கொடுத்து, வீலை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை திருப்பிப் பார்க்க வேண்டும். ஹாரனையும் அடித்துப் பார்க்க வேண்டும்.

கைராசிக்காரர் செய்யும் தவறு

இப்போது நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். கிளாம்ப் சரியாகப் பிடிக்கவில்லை. புதுக் கிளாம்ப் கிடைக்கவில்லை. நல்ல கைராசியுள்ள ஒரு மெக்கானிக் என்ன நினைப்பார்? 'ஒரு வெல்டிங் வைத்துவிட்டால் ஜென்மத்துக்கும் ஆடாது' என்று நினைப்பார். அவர் சொல்வது உண்மை. ஆடாது. நழுவவும் நழுவாது. ஒரு சொட்டு வெல்டிங்கில் அந்தக் கார் 1959ஐத் தாண்டிப் பின்னால் போய்விடும். தண்டு மறுபடியும் ஈட்டியாகிவிடும்.

கொடுமை என்னவென்றால், அந்த வேலை நல்ல வேலைபோலவே இருக்கும். ஓட்டிப் பார்த்தால் முன்பைவிட உறுதியாக இருக்கும். உரிமையாளர் சந்தோஷமாகப் பணம் கொடுப்பார். தவறு நடந்தது என்று தெரியவரும் நாள் ஒன்றே ஒன்றுதான்.

பிளாஸ்டிக் ஊசி வைத்த தண்டுகளில் இதற்கு நேர்மாறான தவறு நடக்கும். வீல் கழலவில்லை என்று தண்டின் நுனியில் சுத்தியலால் தட்டுவார்கள். மோதலுக்காகக் காத்திருக்கும் ஊசிகள் அந்தத் தட்டலிலேயே அறுந்துவிடலாம். தண்டைக் கீழே போட்டாலும் அதே ஆபத்துதான். வெளியில் ஒரு கீறல்கூடத் தெரியாது.

பழைய பொருளைப் பழுது பார்க்கும்போது அது எதற்காக உறுதியாக இருக்கிறது என்று கேட்கிறோம். எதற்காக விட்டுக்கொடுக்கிறது என்றும் கேட்க வேண்டும் என்பதுதான் இந்தத் தண்டு சொல்லும் பாடம்.

நம் பார்க்கிங்குக்குத் திரும்புவோம்

ஸ்பிட்ஃபயர் நம்மில் யாரிடமும் இல்லை. ஆனால் இதே யோசனை நம் ஒவ்வொரு காரிலும் இருக்கிறது. இந்தியாவில் 2019 ஜூலை 1 முதல் புதுக் கார்களில் ஓட்டுநருக்கு ஏர்பேக் கட்டாயம். ஏர்பேக் விரிந்து நம் மார்பை வாங்கிக்கொள்ளும்போது, மடங்கும் தண்டு பின்னால் இருந்து கொஞ்சம் இடம் கொடுக்கும். சீட் பெல்ட்டோடு சேர்ந்து மூன்றும் ஒரு குழு. ஒன்றைக் கெடுத்தால் மற்ற இரண்டும் தடுமாறும்.

நம் குடியிருப்பில் ஒருவருடைய கார் சென்ற ஆண்டு முன்பக்கம் அடிபட்டது. இன்சூரன்ஸ் பிடித்தம் போக மிச்சத்தைக் குறைக்கலாம் என்று, ஷெட்டில் ஒருவர் "தண்டை நிமிர்த்திக் கொடுத்துடறேன் சார், புதுசு எதுக்கு?" என்று கேட்டிருக்கிறார். நல்லவேளை, நம் நண்பர் ஒத்துக்கொள்ளவில்லை. அவர் சொன்ன அந்தச் சம்பவம்தான் என்னை இந்தக் கட்டுரை எழுத வைத்தது.

அதனால் நான்கு வேண்டுகோள். முன்பக்கம் அடிபட்ட காரில் ஸ்டியரிங் தண்டு மடங்கியிருக்கிறதா என்று கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். மடங்கியிருந்தால் புதிது மாற்றச் சொல்லுங்கள், நிமிர்த்தவோ வெல்டிங் வைக்கவோ விடாதீர்கள். பழைய கார் வாங்கும்போது ஏர்பேக் விளக்கு சாவி போட்டதும் எரிந்து அணைகிறதா என்று கவனியுங்கள். கடைசியாக, ஓட்டும்போது வீலின் நடுப்பகுதிக்கும் உங்கள் மார்புக்கும் நடுவில் குறைந்தது 10 அங்குலம் இடம் விட்டு உட்காருங்கள்.

பெரியப்பாவின் ஹெரால்டு எப்போதோ கைமாறிப் போய்விட்டது. அதன் பானெட்டுக்குக் கீழே எட்டிப் பார்த்து, 'இது என்ன?' என்று ஒவ்வொன்றாகக் கேட்ட பையனுக்கு அவர் எத்தனையோ காட்டினார். அந்தக் கிளாம்பை மட்டும் காட்டவில்லை. அவருக்கும் அது என்னவென்று தெரிந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன். உங்கள் வீட்டுப் பிள்ளைகள் கேட்டால் நீங்கள் காட்டலாம்.

அடுத்த இதழில் சந்திப்போம். யாரிடமாவது பழைய ஹெரால்டு புகைப்படம் இருந்தால் சங்க அலுவலகத்தில் கொடுங்கள், ஸ்கேன் செய்துவிட்டுப் பத்திரமாகத் திருப்பித் தருகிறோம்.